எல்கர் ஹோவர்த் யார்: ட்ரம்பெட்காரரா, நடத்துநரா, இசையமைப்பாளரா?

பிரிட்டிஷ் இசைக்கலைஞர் எல்கர் ஹோவர்த்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் ஒருவருக்குப் பதில் மூன்று பேர் எதிர்ப்படுகிறார்கள், இவர்களில் எவரை முதன்மையாகக் கொள்வது என்பதுதான் கேள்வி. ஐயம் நியாயமானதே. ட்ரம்பெட் பயில்வோருக்கு அவர் பிலிப் ஜோன்ஸ் பிராஸ் (பித்தளை ஊதுகருவி) குழுவின் தூண்களில் ஒருவர். ஓபரா பார்ப்பவர்களுக்கு இசையமைப்பாளர்களான லிகெட்டியின் ஒரே ஓபராவையும் பர்ட்விசிலின் பெரிய ஓபராக்களையும் முதன்முதலாக நடத்திக் காட்டியவர். வட இங்கிலாந்தின் பிராஸ் பேண்ட் ரசிகர்களுக்கோ 1970களில் கிரைம்தோர்ப் சுரங்க பேண்டிடம் வந்து பழைய ஒழுங்கைக் கலைத்தவர். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் முதன்மையாக, வாத்தியக் குழுவைக் கோல் பிடித்து வழிநடத்தும் நடத்துநர்தான். ஆனால் பேண்டில் உட்கார்ந்து ஊதி வளர்ந்தவர் என்பதாலேயே அப்படிப்பட்ட நடத்துநர் ஆனார். இசையமைப்பு மூன்றாவது இடத்தில்தான் வரும்.

அவர் வளர்ந்த சூழலைப் புரிந்துகொள்ளாமல் மற்றவை விளங்கா. இங்கே பிராஸ் பேண்ட் என்றதும் நம் கல்யாண ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம் நினைவுக்கு வரலாம். அதில் கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் இருக்கும், இதில் அவற்றுக்கு இடமே இல்லை. ஏறக்குறைய 25 பேர் ஊதுவார்கள், தாளக் கருவிக்காரர்கள் சிலர் உடனிருப்பார்கள். உச்சத்தில் ஒரு சொப்ரானோ கார்னெட் (கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவு), அதன் கீழே ஒன்பது கார்னெட், ஒரு ஃப்ளூகல்ஹார்ன், மூன்று டெனர் ஹார்ன், இரண்டு பாரிட்டோன், இரண்டு யூஃபோனியம், மூன்று ட்ராம்போன், நான்கு பாஸ் டியூபா என்பதே நிலைத்துவிட்ட அமைப்பு. ஆர்கெஸ்ட்ராவின் ட்ரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும்கூட இதில் சேர்வதில்லை. பாஸ் ட்ராம்போன் தவிர ஊதுகருவிகள் அனைத்துக்கும் ஒரே வகைச் சாவிக் குறியில்தான் (கிளெஃப்) இசை எழுதப்படுகிறது. விரல் பழக்கமும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், பேண்டில் ஒருவர் விலகினால் இன்னொருவர் அவருடைய கருவியை எடுத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகளையும் சுரங்கங்களையும் எஞ்சின் பட்டறைகளையும் சார்ந்து உருவான தொழிலாளர் இசைக்கு இது மிகவும் ஏற்ற ஏற்பாடு.

இந்த பேண்டுகளின் உயிர்நாடி போட்டிதான். ஒவ்வோர் ஆண்டும் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில், அதாவது லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், எல்லா பேண்டுகளும் ஒரே உருப்படியைத்தான் வாசிக்க வேண்டும். யார் எப்போது மேடையேறுவது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். நடுவர்கள் நாற்புறமும் மூடிய திரைக்கூண்டுக்குள் அமர்ந்திருப்பார்கள். எந்த பேண்ட் வாசிக்கிறது என்று தெரியாமல், காதால் கேட்பதை மட்டும் கொண்டு குறிப்பெழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூண்டு. ஒரு சுரம் பிசகினால் ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு போய்விடும் என்ற அச்சத்தில் வளர்ந்த மரபு இது. அசாத்தியமான துல்லியத்தையும், அதே அளவுக்குப் புதுமை மீதான ஐயத்தையும் அது வளர்த்துவிட்டது.

ஹோவர்த் 1935 நவம்பர் 4 அன்று ஸ்டாஃபோர்ட்ஷையரிலுள்ள கன்னக்கில் பிறந்தார். குடும்பம் பிறகு மான்செஸ்டருக்கு அருகிலுள்ள எக்கிள்ஸுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஆலிவர் ஹோவர்த் அங்கே டீசல் எஞ்சின் தொழிற்சாலையைச் சேர்ந்த பார்ட்டன் ஹால் ஒர்க்ஸ் பேண்டின் நடத்துநர். மகனுக்கு எட்வர்ட் எல்கரின் பெயரை வைத்ததிலிருந்தே அந்த வீட்டின் திசை தெரிகிறது. பெரிய இசையமைப்பாளரான எல்கரும் 1930ஆம் ஆண்டு தேசியப் போட்டிக்கென ஒரு பேண்ட் உருப்படி எழுதியவர்தான். சிறுவன் தந்தையின் பேண்டிலேயே கார்னெட் ஊதிப் பழகினான். நண்பர்களுக்கு அவர் கடைசிவரை ‘கேரி’தான்.

அடுத்து நடந்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பிரிட்டிஷ் இசை வரலாற்றில் இத்தனை பலன் தந்த தற்செயல்கள் குறைவு. 1950களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் ராயல் மான்செஸ்டர் இசைக் கல்லூரியிலும் ஹோவர்த் படித்தபோது உடன் இருந்தவர்கள் ஹாரிசன் பர்ட்விசில், பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், அலெக்சாண்டர் கோயர், பியானோக் கலைஞர் ஜான் ஆக்டன் ஆகியோர். ஐவரும் சேர்ந்து ‘நியூ மியூசிக் மான்செஸ்டர்’ என்ற பெயரில் கச்சேரிகள் நடத்தினார்கள். ஐரோப்பியக் கண்டத்தில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதைப் பிரிட்டன் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலம் அது. மேக்ஸ்வெல் டேவிஸ் தம் முதல் எண்ணிட்ட படைப்பாக 1955இல் ட்ரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டா எழுதியது ஹோவர்த்தையும் ஆக்டனையும் மனத்தில் வைத்தே. பெரும் தாவல்களும் மாறிக்கொண்டே இருக்கும் தாளமும் நிறைந்த அந்தப் படைப்பு இன்றும் ட்ரம்பெட்காரர்களைத் திணறடிக்கிறது. அதைத் தம் இருபது வயதிலேயே மேடையில் வாசித்தவர், பின்னாளில் எவ்வளவு சிக்கலான ஸ்கோரை (முழு இசைக்குறிப்பு ஏட்டை) கண்டும் மிரளாததில் வியப்பில்லை. ஐவரில் பர்ட்விசிலும் லங்காஷையர்க்காரர், ஊர் மிலிட்டரி பேண்டில் (அதில் கிளாரினெட்டுக்கு இடம் உண்டு) கிளாரினெட் வாசித்து வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பின்னால் இருவருக்கும் இடையே நடந்தவற்றுக்கெல்லாம் இந்த ஒற்றுமை ஒரு காரணம்.

லண்டனில் அவர் வாத்தியக்காரராக இருந்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1958 முதல் 1963 வரை கோவென்ட் கார்டன் ராயல் ஓபரா ஹவுஸ் ஆர்கெஸ்ட்ரா, 1969 வரை ராயல் ஃபில்ஹார்மோனிக், 1968இல் தொடங்கப்பட்ட தற்கால இசைக் குழுவான லண்டன் சின்ஃபோனியெட்டா. 1967இல் பீட்டில்ஸின் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ பாட்டுக்கு ட்ரம்பெட் ஊதிய நால்வரில் இவரும் ஒருவர். துணுக்குப் பிரியர்கள் இதை மட்டும் மறப்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஓபரா குழியில், அதாவது மேடைக்கு முன் ஆர்கெஸ்ட்ரா அமரும் பள்ளத்தில், கழிந்த ஐந்தாண்டுகள். ஓபராவில் ட்ரம்பெட்காரர் பெரும்பாலான நேரம் வாசிப்பதில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார். நூறு தாள வட்டங்கள் சும்மா இருந்துவிட்டு, உதடு குளிர்ந்துபோன நிலையில், ஒரே ஒரு உயர்ந்த சுரத்தைச் சரியான கணத்தில் எடுக்க வேண்டும். நடத்துநரின் கை தெளிவாக இருந்தால் அந்த நேரத்தில் என்ன நிம்மதி, குழம்பினால் என்ன ஆபத்து என்பதை எந்தக் கல்லூரியும் இதைவிட நன்றாகக் கற்றுத்தர முடியாது.

பிலிப் ஜோன்ஸ் குழுவில் அவர் 1965 முதல் 1976 வரை வாசித்தார். ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் அவ்வப்போது முழங்கிவிட்டு அமரும் பித்தளைக் கருவிகளைச் சிற்றரங்கக் கச்சேரிக்கு உரியவையாக மாற்றிய குழு அது. நான்கு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், நான்கு ட்ராம்போன், ஒரு டியூபா என்ற பத்துப் பேர் அமைப்பை அவர்கள் நிலைநிறுத்தினார்கள். அந்த அமைப்புக்கென்று ஏற்கெனவே எழுதப்பட்ட இசை ஏதும் இல்லாததால், வாசிக்க வேண்டியதைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வில்லியம் பேர்டின் கீபோர்டு இசையிலிருந்து தொடங்கி ஹோவர்த் ஏராளமாக இசைமாற்றம் செய்தார். அவருடைய இசைமாற்றங்களின் உச்சம் முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்’.

அது மூலத்தில் பியானோ இசை. உலகம் அறிந்தது ராவெல் 1922இல் செய்த ஆர்கெஸ்ட்ரா வடிவம். ராவெலே தொடக்க நடையைத் தனி ட்ரம்பெட்டிடம் ஒப்படைத்திருக்கிறார், இரண்டு யூதர்கள் வரும் பகுதியில் ஏழையின் புலம்பலை, ஒலியை மாற்றும் அடைப்பான் செருகிய ட்ரம்பெட்டுக்குத் தந்திருக்கிறார். ஆகவே அந்த இடங்களில் ஹோவர்த்துக்குச் சிரமமில்லை. கடினம் எங்கே என்றால் முட்டை ஓட்டுக்குள் குஞ்சுகள் ஆடும் பகுதி போன்ற இடங்களில், ராவெல் புல்லாங்குழலையும் வயலினையும் நம்பிய இடங்களில்தான். அங்கே இவர் அடைப்பான்களை மாற்றி மாற்றி, சிறிய ட்ரம்பெட்டையும் ஃப்ளூகல்ஹார்னையும் கலந்து, நாக்கின் நுனியால் தட்டித் தட்டி ஊதச் செய்து, கனத்த உலோகக் கருவிகளைக் குஞ்சுகளாக்கிவிடுகிறார். ஊதுகிறவருக்கு மூச்சு வாங்க எங்கே இடம் கிடைக்கும், எந்த வரியை இன்னொருவருக்கு மாற்றித் தந்தால் உதடு ஓய்வு பெறும் என்பதெல்லாம் உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய ஸ்கோர் அது. உலகெங்கும் பித்தளைக் குழுக்கள் இன்றும் அதை வாசிக்கின்றன.

கருவியை வைத்துவிட்டுக் கோலை எடுத்தது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், லண்டன் சின்ஃபோனியெட்டாவின் மூலமாக. தொடக்கத்திலேயே வித்தியாசமான பணிகள் அமைந்தன. ஃபிராங்க் ஜாப்பாவின் ‘200 மோட்டல்ஸ்’ படத்துக்காக 1971இல் ராயல் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியவர் இவர்தான். அதே இசைக்காக ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கவிருந்த கச்சேரி, பாடல் வரிகள் ஆபாசம் என்ற காரணத்தால் ரத்தானது. இது போன்றவை சுவையான செய்திகள், அவ்வளவே. அவருடைய நடத்துநர் வாழ்வின் உண்மையான தொடக்கம் 1978 ஏப்ரல் 12, ஸ்டாக்ஹோம் ராயல் ஓபரா. அன்றுதான் ஜியார்ஜி லிகெட்டியின் ‘லெ கிராண்ட் மக்காப்ர்’ முதல் முறையாக மேடையேறியது.

அந்த ஓபரா எப்படித் தொடங்குகிறது என்பதைச் சொன்னால் சவால் புரியும். திரை விலகுமுன் ஆர்கெஸ்ட்ரா முழங்குவதில்லை. பந்தை அமுக்கிப் ‘பாம் பாம்’ என்று ஒலிக்கச் செய்யும் பழைய கார் ஹாரன்கள் பன்னிரண்டை மூன்று பேர் கையாலும் காலாலும் அமுக்குகிறார்கள். கேலிபோலத் தோன்றினாலும் அதன் தாளக்கோவை வெகு நுணுக்கமானது. ஓபரா என்ற வடிவத்தின் தொடக்க காலத்தில் மொன்டெவெர்டி தம் ‘ஓர்ஃபியோ’வுக்கு வைத்த ட்ரம்பெட் முழக்கத்தின் திரிந்த வடிவமாகவே பலரும் இதைக் கேட்கிறார்கள். பிறகு வீட்டு அழைப்பு மணிகளுக்கென்று இன்னொரு முன்னிசையும் வருகிறது. இப்படிப்பட்ட ஸ்கோரை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் நடத்துநர் அதைக் குட்டிச்சுவராக்கிவிடுவார், அதிகக் கடுமையாக எடுத்துக்கொள்பவர் சிரிப்பைக் கொன்றுவிடுவார். பேண்டில் வளர்ந்த ஒருவருக்குத் துல்லியமும் வேடிக்கையும் ஒன்றாக இருப்பது புதிதில்லை. லிகெட்டிக்கு அவர்மீது இருந்த நம்பிக்கைக்குச் சான்று, அந்த ஓபராவில் வரும் ரகசியக் காவல் தலைவரின் வெறிபிடித்த மூன்று பாடல்களைத் தனி உருப்படியாகக் கோத்துத் தரும் பொறுப்பு ஹோவர்த்திடம் வந்தது. ‘மிஸ்டரீஸ் ஆஃப் தி மக்காப்ர்’ என்ற அந்த உருப்படியைச் சொப்ரானோவும் பாடலாம், ட்ரம்பெட்டிலும் ஊதலாம். ஸ்வீடனின் ஹாகன் ஹார்டன்பெர்கர் போன்றோர் ட்ரம்பெட் வடிவத்தை உலகெங்கும் கொண்டுசென்றார்கள்.

பர்ட்விசிலின் ஓபராக்களில் அவர் செய்தது இதைவிடப் பெரியது என்பேன். ‘தி மாஸ்க் ஆஃப் ஓர்ஃபியஸ்’ 1986 மே 21 அன்று லண்டன் கொலீசியத்தில் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா தயாரிப்பில் அரங்கேறியது. பத்தாண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டு எழுதப்பட்ட படைப்பு. வில்லால் இழைக்கும் நரம்புக் கருவி ஒன்றுகூட அதில் இல்லை. மரக் குழல்களும் பித்தளையும் தாளக் கருவிகளும் மீட்டும் நரம்புகளும் மின்னணு ஒலிகளும்தான். ஒரே கதை நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வெவ்வேறு கோணத்தில் வருகிறது, சில இடங்களில் இரண்டு கால அளவுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு நடத்துநரால் சமாளிக்க முடியாது என்பதால் ஹோவர்த்தோடு பால் டேனியலும் நின்று நடத்தினார். அடுத்த ஆண்டு அந்தப் படைப்புக்கு இசையமைப்புக்கான அமெரிக்காவின் கிராவமேயர் விருது கிடைத்தது. 1991 மே 30 அன்று ராயல் ஓபரா ஹவுஸில் ‘கவேன்’, 1994இல் கிளைன்ட்போர்னில் ‘தி செகண்ட் மிஸஸ் காங்’ ஆகியவற்றின் முதல் அரங்கேற்றங்களும் அவருடையவையே. 1994இல் ‘கவேன்’ மறுபடி மேடைக்கு வந்தபோது, இந்த மாதிரி இசையே வேண்டாம் என்ற ஒரு சிறு குழு அரங்கத்துக்குள் வந்து கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டியது. மறுபுறம் அதே காலத்தில் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவு, அந்தக் கனத்த இசை எவ்வளவு தெளிவாக வாசிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி சொல்கிறது. இடையில் ஓபரா நார்த் நிறுவனத்தில் 1985 முதல் 1988 வரை முதன்மை விருந்து நடத்துநர் பொறுப்பும் வகித்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் சிம்மர்மானின் ‘டி சோல்டாட்டன்’ ஓபரா இங்கிலிஷ் நேஷனல் ஓபராவில் 1996இல் நிகழ்ந்தபோதும் நடத்தியவர் இவரே.

இனி கிரைம்தோர்ப்பு. மேற்சொன்ன ஓபராக்களுக்கெல்லாம் முந்திய கதை இது, என் மதிப்பில் அவர் வாழ்வின் மிகத் துணிச்சலான பகுதியும் இதுவே. தென் யார்க்ஷையரில் பார்ன்ஸ்லிக்கு அருகிலுள்ள சுரங்கக் கிராமம் கிரைம்தோர்ப். அதன் பேண்ட் 1917இல் தொடங்கப்பட்டது. 1972இல் ஹோவர்த் அதற்கு இசை ஆலோசகரானார். போட்டியில் வெல்லவே நடத்துநரை அழைப்பார்கள் என்றிருந்த உலகத்தில், அவர் தம் மான்செஸ்டர் நண்பரிடம் இந்த பேண்டுக்கு ஒரு படைப்பு எழுதச் சொன்னார். பர்ட்விசிலின் ‘கிரைம்தோர்ப் ஆரியா’ 1973 ஆகஸ்டில் ஹாரோகேட் விழாவில் ஒலித்தது.

இருண்டு, மெதுவாகப் புரளும் ஒலிப்பாளங்கள். முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்ப ஒரு மெட்டும் கிடையாது. பேண்டுகளின் தனி முத்திரையான அந்த அசைந்தாடும் இனிப்பான தொனிக்கு இதில் வேலையே இல்லை, நேரான, விறைப்பான சுரங்கள் வேண்டும். பகலில் சுரங்க வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்த பலரையும் கொண்ட ஒரு பேண்டிடம் இதை நீட்டி, இதுவும் உங்களுக்கு உரியதுதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க வெளியூர் மேதையால் முடிந்திருக்காது. ஹோவர்த் அவர்களில் ஒருவராக இருந்ததால் முடிந்தது. பேண்ட் ரசிகர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் அந்தப் படைப்பை வெறுப்பவர்கள் பேண்ட் உலகத்திலேயே உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பேண்டுக்கு எழுதுவது தீவிர இசையமைப்பாளர்களுக்குத் தகுதிக் குறைவு என்ற பேச்சு எடுபடவில்லை. 1974இல் கிரைம்தோர்ப்பும் பிளாக் டைக் மில்ஸ் பேண்டும் பிபிசி பிராம்ஸ் கச்சேரித் தொடரில் வாசித்தன. பிராஸ் பேண்டுகளுக்கு அந்த மேடை கிடைத்தது அதுவே முதல் முறை. ஜெர்மனியின் ஹான்ஸ் வெர்னர் ஹென்ட்ஸ் 1975இல் ‘ராக்டைம்ஸ் அண்ட் ஹபனேராஸ்’ எழுதித் தந்தார்.

போட்டிக்காரர்களோடு அவருக்கு நேரடி உரசல் நேர்ந்ததும் 1975இல்தான். அவ்வாண்டு இன்னொரு பெரிய போட்டியான பிரிட்டிஷ் ஓபனுக்கு அவருடைய ‘ஃபயர்ஒர்க்ஸ்’ உருப்படியாக விதிக்கப்பட்டது. பேண்டின் ஒவ்வொரு கருவிப் பிரிவையும் தனித்தனியே வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், கூர்மையும் குறும்பும் கலந்த படைப்பு. மரபான வீர கம்பீரத்தையோ உருக்கமான மெதுநடையையோ எதிர்பார்த்தவர்களுக்கு அது எரிச்சலூட்டியது. மான்செஸ்டரின் பெல் வியூவில் காலை முதல் மாலை வரை அதையே பேண்டுக்குப் பேண்ட் கேட்க நேர்ந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்! இன்று கேட்டால் இதற்கா இவ்வளவு சச்சரவு என்றுதான் தோன்றுகிறது.

இசையமைப்பாளராக அவரை எங்கே வைப்பது? 1968இன் ட்ரம்பெட் கன்செர்ட்டோ உட்பட அவர் எழுதியவை அனைத்தும் நேர்த்தியானவை, கருவியின் இயல்பறிந்தவை. ஆயினும் தம் நண்பர்களின் இசையில் உள்ள தவிர்க்கவியலாத தனிக்குரல் இவற்றில் இல்லை. விதிவிலக்காக நான் சொல்வது ‘இன் மெமோரியம் ஆர்.கே.’ என்ற இரங்கல் இசையை. ராயல் ஃபில்ஹார்மோனிக்கில் தாம் யாருடைய கோலின் கீழ் வாசித்தாரோ அந்த ருடால்ஃப் கெம்பெ 1976இல் மறைந்தபோது எழுதியது. அடக்கமும் ஆழமும் சேர்ந்த படைப்பு. வேடிக்கை என்னவென்றால், மேடைகளில் அதிகம் ஒலிப்பது அவர் தம் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு உருவாக்கிய ‘டபிள்யூ. ஹோகார்த் லியர்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட இலகுவான துண்டுகள்தான். ‘ஹோகார்த்ஸ் ஹோ டவுன்’, ‘பெர்ன் பெட்ரோல்’ போன்றவற்றைக் கச்சேரியின் இறுதியில் கைதட்டலுக்காக வைக்காத பேண்டுகள் குறைவு.

அவர் பின்னாளில் ஓபரா மேடைகளில் மூழ்கியிருந்த காலத்தில் கிரைம்தோர்ப்பின் அடித்தளமே ஆட்டம் கண்டது. சுரங்கம் மூடப்படும் என்ற அறிவிப்பு 1992 அக்டோபரில் வந்த சில நாட்களிலேயே அந்த பேண்ட் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. 1996இல் வெளிவந்த ‘பிராஸ்டு ஆஃப்’ படம் இந்த நிகழ்ச்சிகளையே அடிப்படையாகக் கொண்டது, அதில் ஒலிக்கும் இசையும் இவர்களுடையதே. பேண்ட் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. ஹோவர்த் 2025 ஜனவரியில், 89 வயதில் காலமானார்.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் இந்த வரிசையில் போகலாம். முதலில் பிலிப் ஜோன்ஸ் குழுவின் ‘பிக்சர்ஸ்’ ஒலிப்பதிவு, அது யாருக்கும் பிடிக்கும். அடுத்து டெக்கா நிறுவனம் வெளியிட்ட ‘கிரைம்தோர்ப் ஸ்பெஷல்’ இசைத்தட்டு. பர்ட்விசில், ஹென்ட்ஸ், ஜப்பானின் தகேமிட்சு ஆகியோரின் படைப்புகளும் ‘ஃபயர்ஒர்க்ஸ்’ உருப்படியும் அதில் ஒன்றாகக் கிடைக்கும். ‘ஆரியா’ முதல் முறை கேட்கும்போது பிடிபடாவிட்டால் தகேமிட்சுவின் ‘கார்டன் ரெய்ன்’ உருப்படியைக் கேட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். ‘கவேன்’ ஒலிப்பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே அமர்வில் வேண்டாம். முதல் அங்கத்தை மட்டும், பித்தளைக் கருவிகள் எங்கே நுழைகின்றன என்பதைக் கவனித்தபடி கேட்டால் போதும்.